ரவை வைக்காத தொப்பியும் 330 ஓமும்

போன எபிசோடில் ஹோம் ஸ்டூடியோ பற்றிக் கதைத்தபோது, "ஹெட்ஃபோனுக்கும் அம்புக்கும் இம்பீடன்ஸ் பொருந்த வேணும்" என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அது பிழை. "250 ஓம் ஹெட்ஃபோன் வாங்கிவிட்டேன், 250 ஓம் அம்ப் எங்கே வாங்கலாம்?" என்று கேள்வி வந்திருக்கிறது. அப்படி ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். இந்த வாரம் அந்த ஒரு வசனத்தைத் திருத்தி எழுதுகிறேன். அதற்கு முதலில் என் மருமகனின் மிருதங்கக் கதையைச் சொல்ல வேண்டும்.

அக்காவின் மகனுக்குப் பதினாறு வயது. அவனுடைய மிருதங்க அரங்கேற்றத்தை மண்டபத்தில் பல ட்ராக்காகப் பதிவு செய்துகொண்டு வந்தேன்: வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக், பாட்டு, வயலின், மண்டபத்தின் ஒலி. மிக்ஸ் செய்தது மிசிசாகாவில் எங்கள் வீட்டு பேஸ்மன்டில். பேஸ்மன்ட் என்றால் உங்களுக்குத் தெரியும்தானே. தாழ்ந்த கூரை, ஒரு பக்கம் ஃபர்னஸ் உறுமும், பியர்சனுக்கு இறங்கிற பிளேன் தலைக்கு மேலாலே போகும், மேல்மாடியில் அம்மா அப்பா நித்திரை. ஸ்பீக்கர் போட வழியில்லை. மூன்று இரவு ஹெட்ஃபோனில் இருந்து மிக்ஸை முடித்துக் கோப்பை அவனுடைய குருவுக்கு அனுப்பினேன்.

குரு கேட்டுவிட்டு அக்காவுக்கு ஃபோன் எடுத்தார். "தம்பி தொப்பிக்கு ரவை வைக்கேல்லையோ?"

மிருதங்கம் தெரியாதவர்களுக்கு: இடது பக்கம்தான் தொப்பி. வாசிக்க முதல் ரவையைத் தண்ணீரில் பிசைந்து அதன் நடுவில் ஒட்டுவார்கள். அந்தப் பாரம்தான் தோலின் சுருதியைக் கீழே இறக்கி, "தோம்" என்ற கனத்தைக் கொடுக்கிறது. ரவை குறைந்தாலோ காய்ந்தாலோ சத்தம் மேலே ஏறி மெலிந்துவிடும். என் மிக்ஸில் அப்படியே கேட்டது. பிரச்சினை என்னவென்றால், அன்றைக்குத்தான் அவன் முதல் தடவையாக, யாருடைய உதவியும் இல்லாமல், தானே ரவை பிசைந்து வைத்திருந்தான். அரை மணித்தியாலம் தட்டித் தட்டிச் சரிபார்த்தான். பாவம், "மாமா, நான் இப்பிடி வாசிக்கேல்லை" என்றான். நான் அவனை நம்பவில்லை. மூன்று இரவு காதில் போட்டுக் கேட்டவன் நான்தானே! உண்மையில், அந்த மூன்று இரவும் எனக்குக் கேட்டதுதான் பிழை.

நான் பாவித்தது 32 ஓம் ஹெட்ஃபோன், மூடிய வகை. லப்டொப்பில் சத்தம் காணாது என்று அப்பா தொண்ணூறுகளில் வாங்கிய பெரிய ஸ்டீரியோ ரிசீவரின் முன்னால் இருக்கும் ஹெட்ஃபோன் துளையில் செருகியிருந்தேன். ஸ்பீக்கருக்கே இத்தனை வாட் தள்ளுகிற பெட்டி, ஹெட்ஃபோன் எம்மாத்திரம் என்று நினைத்தேன். கொம்பியூட்டர் சயன்ஸ் படித்தவனுக்கு இந்தளவு தன்னம்பிக்கை வரத்தான் செய்யும்.

இனி விஷயத்துக்கு வருவம்.

இம்பீடன்ஸ் என்பது மாறிமாறி ஓடும் மின்சாரத்துக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு. தமிழில் மின்மறுப்பு என்பார்கள். அளக்கிற அலகு ஓம். ஹெட்ஃபோனுக்கு ஒரு இம்பீடன்ஸ் உண்டு, பெட்டியில் போட்டிருக்கும். அம்புக்குள்ளேயும் ஒன்று உண்டு. அதுதான் அவுட்புட் இம்பீடன்ஸ். அதைப் பெட்டியில் போட மாட்டார்கள், சில கம்பெனிகள் ஸ்பெக் ஷீட்டில்கூடப் போடுவதில்லை. அம்ப் கொடுக்கிற வோல்டேஜ் இந்த இரண்டுக்கும் இடையில் பங்கு பிரிகிறது. ஹெட்ஃபோனுக்குக் கிடைக்கிற பங்கு எவ்வளவு என்றால், ஹெட்ஃபோனின் ஓமை இரண்டு ஓமின் கூட்டுத்தொகையால் பிரித்தால் வருவது. இந்த ஒரு பிரித்தலைத் தவிர வேறு கணக்கு பெரிதாக இல்லை.

சிக்கல் என்னவென்றால், பெட்டியில் போட்டிருக்கும் 32 ஓம் எல்லா ஸ்வரத்துக்கும் 32 அல்ல. சாதாரண டைனமிக் ஹெட்ஃபோனின் டயஃப்ரம் ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த அதிர்வெண்ணில் தானாகவே ஆட விரும்பும். ஊஞ்சல் மாதிரி. அந்த இடத்தில் இம்பீடன்ஸ் மேலே ஏறும். சென்ஹைசர் எச்டி 600 பெயரளவில் 300 ஓம், ஆனால் பேஸ் பகுதியில், 100 ஹெர்ட்ஸை ஒட்டி, அது 500 ஓமைத் தாண்டும். என் ஹெட்ஃபோன் நடுப்பகுதியில் 32, பேஸில் 48.

இப்போது அப்பாவின் ரிசீவர். அந்தக் காலத்து ரிசீவர்கள் பலவற்றில் ஹெட்ஃபோனுக்கென்று தனி அம்ப் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகிற அதே சிக்னலை ஒரு பெரிய ரெசிஸ்டருக்குள்ளால் விட்டு ஹெட்ஃபோன் துளைக்குக் கொடுத்துவிடுவார்கள். சில சதக் காசில் வேலை முடிந்தது, ஹெட்ஃபோனும் எரியாது. எங்கள் வீட்டு ரிசீவரில் அது 330 ஓம். அதாவது 32 ஓம் ஹெட்ஃபோனைப் பொறுத்தவரை, அம்பின் எதிர்ப்பு ஹெட்ஃபோனைவிடப் பத்து மடங்கு.

பிரித்துப் பாருங்கள். நடுப்பகுதியில் 32-ஐ 362 ஆல் பிரித்தால் 8.8 சதவீதம். பேஸில் 48-ஐ 378 ஆல் பிரித்தால் 12.7 சதவீதம். பேஸுக்கு மட்டும் 3 டெசிபலுக்கு மேல் இனாமாக ஏறுகிறது. இதே ஹெட்ஃபோனை 1 ஓம் அவுட்புட் உள்ள அம்பில் போட்டால் வித்தியாசம் 0.1 டெசிபல்கூட இல்லை.

3 டெசிபல் பெரிய விஷயமோ என்று கேட்பீர்கள். ஒரு பாட்டை ரசிக்கிறதுக்கு அது பெரிதில்லை, சிலருக்குச் சந்தோஷமாகவே இருக்கும். மிக்ஸ் செய்கிறவனுக்கு அப்படியில்லை. கூடிக் கேட்பதை அவன் குறைப்பான். இன்னொன்றும் நடக்கிறது: அம்பின் எதிர்ப்பு கூடினால் டயஃப்ரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிடி தளர்கிறது. அடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருக்கும். தொப்பியின் அடி நாதமும் கிட்டத்தட்ட அதே பகுதியில்தான் விழுகிறது. எனக்குக் கேட்டது, ஒவ்வொரு "தோம்"முக்கும் பின்னால் ஒரு வால். மண்டபத்து எதிரொலி என்று நினைத்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். போதாது என்று தொப்பி மைக்கையும் இறக்கினேன். என் காதுக்கு அழகாக இருந்தது. குருவின் வீட்டு ஸ்பீக்கரில் தொப்பி செத்துப்போயிருந்தது.

ஒரு சின்ன விலகல். மிருதங்கத்தின் இந்த விஷயத்தை முதன்முதலில் பௌதிகவியலாக எழுதியவர்களில் ஒருவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன். நோபல் பரிசு கிடைப்பதற்குப் பத்து வருடம் முதல், 1920-இல், சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். சாதாரண மேளத் தோலின் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒழுங்கான விகிதத்தில் வருவதில்லை. மிருதங்கத்திலும் தபேலாவிலும் தோலின் நடுவில் ஏற்றும் பாரம், அந்தச் 'சோறு', அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று காட்டினார். தோலில் எங்கே எவ்வளவு பாரம் என்பதுதான் இந்த வாத்தியத்தின் உயிர். அதை மைக் பிடித்தாலும், கேட்கிற சங்கிலி கெட்டிருந்தால் மிக்ஸ் செய்கிறவன் அழித்துவிடலாம்.

சரி, "பொருத்தம்" என்ற சொல்லுக்கு வருவம். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேணும் என்ற எண்ணம் எங்கேயிருந்து வந்தது? முதலாம் வருட சர்க்யூட் பாடத்தில் எல்லாரும் படித்திருப்பீர்கள்: மூலத்தின் எதிர்ப்பும் சுமையின் எதிர்ப்பும் சமமானால் அதிகபட்ச பவர் போய்ச் சேரும். பழைய டெலிஃபோன் லைன்களில் 600 ஓமுக்கு 600 ஓம் என்று சமப்படுத்தியது இதற்காகவும், நீண்ட கம்பியில் சிக்னல் திரும்பி எதிரொலிக்காமல் இருக்கவும்தான். ஹெட்ஃபோன் வயர் மூன்று மீட்டர். எங்களுக்கு வேண்டியது அதிகபட்ச பவரும் இல்லை. ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் வோல்டேஜ் மாறாமல் போய்ச் சேர்வதுதான். அதற்கு இரண்டும் சமமாக இருக்கவே கூடாது. இந்தக் கலியாணத்தில் ஒரு பக்கம் மற்றப் பக்கத்துக்கு முழுசா விட்டுக் கொடுத்தால்தான் பொருத்தம். அம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோ இருக்கட்டும். 32 ஓமுக்கு 4 வரை. 80 ஓமுக்கு 10 வரை. 300 ஓமுக்கு 37 வரை.

கவனித்தீர்களா, ஹெட்ஃபோனின் ஓம் கூடக்கூட இந்த விதி தளர்கிறது. எச்டி 600-ஐ 10 ஓம் அம்பில் போட்டால் பேஸ் மாற்றம் 0.1 டெசிபல் அளவுதான். 120 ஓமில் போட்டாலும் 1 டெசிபலை ஒட்டித்தான் வரும். ஐஇசி 61938 என்ற சர்வதேசத் தரத்தின் 1996 வடிவம் ஹெட்ஃபோன் அவுட்புட்டுக்கு 120 ஓம் என்றுதான் சொல்லியிருந்தது. அந்தக் காலத்து ஸ்டூடியோ ஹெட்ஃபோன்கள் பல 600 ஓம் என்றபடியால் அது அவ்வளவாக உறுத்தவில்லை. ஏகேஜி கே240 ஒரு காலத்தில் 600 ஓமில் வந்தது. இன்றைக்குக் கடையில் வாங்கும் கே240 ஸ்டூடியோ 55 ஓம். ஸ்டூடியோவில் ஒரே அம்பில் நாலைந்து பேருக்குப் பிரித்துக் கொடுக்க உயர்ந்த ஓம் வசதி. நாலு 600 ஓம் சேர்ந்தால் அம்புக்கு 150 ஓமாகத் தெரியும். நாலு 32 ஓம் சேர்ந்தால் 8 ஓம், அம்ப் திணறும். பிறகு எல்லாரும் பொக்கெட்டில் பாட்டுப் பெட்டி கொண்டுதிரியத் தொடங்க, பற்றரியின் சின்ன வோல்டேஜுக்கு ஏற்றபடி ஓம் இறங்கியது.

ஆகவே "250 ஓம்தான் புரொஃபெஷனல்" என்பது கட்டுக்கதை. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 என்று மூன்று வடிவில் வந்திருக்கிறது. மூன்றும் கொஞ்சம் வேறு வேறு மாதிரிக் கேட்கும், உண்மை. அது ஓம் எண் பெரிதானதால் வந்த தரம் இல்லை.

இதுவரை சொன்னது பொய் கேட்காமல் இருப்பதற்கு. அடுத்தது சத்தம் போதுமா என்பது. பெரும்பாலானவர்கள் இரண்டையும் குழப்புகிறார்கள், நானும் குழப்பினேன்.

சத்தத்தைத் தீர்மானிக்க ஓம் மட்டும் காணாது. சென்சிட்டிவிட்டி என்ற இரண்டாவது எண் வேணும். சில கம்பெனிகள் 1 மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்று போடும், சில 1 வோல்ட்டுக்கு என்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். எல்லாவற்றையும் வோல்ட்டுக்கு மாற்றுங்கள்: 1000-ஐ ஓமால் பிரித்து, லொக் எடுத்து, பத்தால் பெருக்கி, மில்லிவாட் எண்ணுடன் கூட்டினால் சரி.

சோனி எம்டிஆர்-7506: 63 ஓம், மில்லிவாட்டுக்கு 106. மாற்றினால் வோல்ட்டுக்கு 118. டிடி 990 ப்ரோ: 250 ஓம், மில்லிவாட்டுக்கு 96. மாற்றினால் 102. ஒரே வோல்ட்டுக்கு 16 டெசிபல் வித்தியாசம். ஹைஃபைமேன் எச்இ-6 என்ற ப்ளேனர் ஹெட்ஃபோன் 50 ஓம்தான், சாது மாதிரித் தெரியும். ஆனால் மில்லிவாட்டுக்கு 83.5 மட்டும், அதாவது வோல்ட்டுக்கு 96.5. ஓம் குறைந்தும் இந்த மூன்றில் ஓட்டக் கஷ்டமானது அதுதான். 110 டெசிபல் உச்சம் தொட 7506-க்கு 0.4 வோல்ட், 990-க்கு 2.5 வோல்ட், எச்இ-6-க்கு 4.7 வோல்ட்டும் கிட்டத்தட்ட 95 மில்லியாம்பியர் கரண்டும் வேணும். உயர்ந்த ஓம் ஹெட்ஃபோன் வோல்டேஜ் கேட்கும். தாழ்ந்த ஓம், அதிலும் மந்தமானது, கரண்ட் கேட்கும். ப்ளேனர்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அவற்றின் இம்பீடன்ஸ் பெரும்பாலும் நேர்கோடு, அதனால் அவுட்புட் இம்பீடன்ஸால் டோன் அவ்வளவாக மாறாது.

அம்ப் வாங்கும்போது "32 ஓமில் 100 மில்லிவாட்" என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். அதன் பொருள் ஏறத்தாழ 1.8 வோல்ட். 250 ஓமில் அதே 1.8 வோல்ட் வெறும் 13 மில்லிவாட். பிழை இல்லை, 990 அதிலும் 107 வரை போகும். ஆனால் 100 என்ற எண்ணை நம்பிக் காசு கட்டாதீர்கள்.

அப்பிளின் சின்ன யூஎஸ்பி-சி டொங்கிள் இருக்கிறதே, வட அமெரிக்காவில் விற்கிற வடிவம் ஏறத்தாழ 1 வோல்ட் தரும், அவுட்புட் இம்பீடன்ஸும் 1 ஓம் அளவில். (ஐரோப்பிய வடிவம் பாதி வோல்ட்தான். பாரிஸில் இருக்கும் மச்சானிடம் வாங்கி அனுப்பச் சொல்ல வேண்டாம்.) அதில் 7506 மிதமிஞ்சிப் பாடும். 990-க்கு உச்சம் 102. ஸ்பொட்டிஃபை பாட்டுக்கு அது தாராளம், ஏனென்றால் முடித்து வந்த பாட்டை லிமிட்டர் போட்டு உச்சத்துக்குப் பக்கத்தில் அமுக்கி வைத்திருப்பார்கள். உங்கள் சொந்த மிக்ஸ் அப்படியல்ல. நல்ல பழக்கம் உள்ளவர் என்றால் உச்சத்துக்குக் கீழே 10 டெசிபல் இடம் விட்டிருப்பீர்கள். மிருதங்கத்தின் அடியோ கூர்மையானது. உச்சத்துக்கும் சராசரிக்கும் இடையில் 20 டெசிபல் இருக்கலாம். 102-இலிருந்து 10-ஐயும் 20-ஐயும் கழியுங்கள்: 72. ஃபர்னஸ் ஓடுகிற பேஸ்மன்டில், காது திறந்த 990-இல், 72 காணாது.

இங்கேதான் பொறி. "மற்றப் பாட்டு எல்லாம் சத்தமாக் கேட்குது, என்ரை மட்டும் ஏன் மெலிவு?" என்று மாஸ்டரில் லிமிட்டரைப் போட்டு அமுக்கத் தொடங்குவோம். யாஞ்சனும் ஷான் வின்சென்ட் டி போலும் சேர்ந்து செய்த 'மிருதங்கம் ராப்ஸ்' காணொளிகளைப் பார்த்துவிட்டு நீங்களும் மிருதங்கத்துக்கு ராப் போட முயன்றிருந்தால் இது நடந்திருக்கும்: மிருதங்கத்தின் அடி மழுங்கி, தோல் சத்தம் பிளாஸ்டிக் வாளி மாதிரி வரும். மிக்ஸில் பிழை தேடுவீர்கள், வோல்ட் காணாது என்பதை யோசிக்க மாட்டீர்கள். 250 ஓமுக்கு அம்ப் வேணும் என்பதற்கு உண்மையான காரணம் இந்த இடம்.

மற்றப் பக்கமும் சொல்லிவிட வேணும். 7506 போன்றதைப் பலமான அம்பில் போட்டு நொப்பைத் திருப்பினால் காது போகும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது கிழமைக்கு 40 மணித்தியாலம், சராசரி 80 டெசிபல். மிக்ஸ் செய்கிறவர்கள் ஒரு வார இறுதியிலேயே பாதியைச் செலவழித்துவிடுகிறோம்.

இனி அளக்கிற விஷயம். நான் என் ரிசீவரைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். ஒரு மல்டிமீட்டர், ஒரு 33 ஓம் ரெசிஸ்டர், ஹெட்ஃபோன் ஜாக் உள்ள ஒரு பழைய வயர். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஜாக்கில் ஏசி வோல்டேஜைப் பாருங்கள். எனக்கு 1.1 வோல்ட். வொலியூமைத் தொடாமல் ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டுத் திரும்பப் பாருங்கள். எனக்கு 0.1-க்கு விழுந்தது. முதல் எண்ணை இரண்டாவதால் பிரித்தால் 11, அதில் ஒன்றைக் கழித்தால் 10, அதை 33 ஆல் பெருக்கினால் 330. பிறகு ரெசிஸ்டரை எடுத்துவிட்டு ஹெட்ஃபோனைப் போட்டேன் (தலையில் மாட்டாமல், மேசையில் வைத்து). 400 ஹெர்ட்ஸில் 97 மில்லிவோல்ட், 90 ஹெர்ட்ஸில் 140. அந்த இரண்டு எண்ணையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். 400-ஐத் தாண்டிய ஒலியில் மலிவான மீட்டர்கள் பிழை காட்டலாம், அதனால் கீழேயே நில்லுங்கள்.

இப்போது கேள்வி கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. 80 ஓமுக்குள் உள்ள வழக்கமான ஹெட்ஃபோன் என்றால் இப்போதைய ஓடியோ இன்டர்ஃபேஸ் அநேகமாகப் போதும். ஸ்பெக் ஷீட்டில் அவுட்புட் இம்பீடன்ஸை மட்டும் ஒருக்கா பாருங்கள், இல்லையென்றால் அளவுங்கள். 250, 300 ஓம் ஏற்கெனவே கையில் இருந்தால், உங்கள் சொந்த மிக்ஸை வைத்துச் சோதியுங்கள், முடித்த பாட்டை வைத்தல்ல. காணாது என்றால் மட்டும் அம்ப். பல ட்ரைவர் உள்ள இன்-இயர் பாவிப்பவர்கள் கூடுதல் கவனம்: அவற்றின் இம்பீடன்ஸ் மேலும் கீழும் துள்ளும், 1 ஓமுக்குப் பக்கத்தில் உள்ள அம்பைத் தேடுங்கள். பழைய ரிசீவரின் ஹெட்ஃபோன் துளை மிக்ஸுக்கு வேண்டாம். பாட்டுக் கேட்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை.

மிக்ஸைத் திரும்பச் செய்தேன். 100-க்குக் கீழே வெட்டியதை எடுத்தேன், தொப்பியை அவன் வைத்த இடத்திலேயே விட்டேன். குருவுக்கு நானே ஃபோன் எடுத்து, ரவை இருந்தது, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இப்ப தொப்பி நல்லாக் கேட்குது தம்பி. அதாலை தனியிலை கோர்வைக்கு முதல் அவன் கொஞ்சம் ஓடினதும் கேட்குது" என்றார்.

ரிசீவர் இன்னும் பேஸ்மன்டில்தான் இருக்கிறது. அதன் ஹெட்ஃபோன் துளைக்கு மேலே மருமகன் ஒரு துண்டு டேப் ஒட்டி, மார்க்கரால் 330 என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.